அப்டேட் ஆனதும் வெப்சைட் உடைஞ்சுபோச்சா? பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் முன் இதைப் படிங்க

காலையில எழுந்து மொபைல்ல உங்க கடையோட வெப்சைட்டைத் திறக்குறீங்க. வெறும் வெள்ளைத் திரை. இல்லைன்னா, தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது என்று ஒற்றை வரி. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்தது, நீங்க எதையும் தொடக்கூட இல்லை. ஆனா தளத்தை இயக்கும் மென்பொருள் ராத்திரியோட ராத்திரியா தானாகவே அப்டேட் ஆகியிருக்கு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி டிசைனர் போட்டுக்கொடுத்த தீமுக்கு அது ஒத்துவரலை.

டிசைனருக்கு போன் போட்டா, "பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணிடலாம் சார், பத்து நிமிஷ வேலை" என்பார். பெரும்பாலும் அது வேலையும் செய்யும். ஆனா தளம் திரும்ப ஓட ஆரம்பிச்சதுமே பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுடுறாங்க. அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்குது.

மசாலாப் பொடி விற்கும் சுய உதவிக் குழு, டியூஷன் சென்டர், முன்னாள் மாணவர் சங்கம் என்று சிறிய தளங்கள் பலவும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதனால அதையே உதாரணமா எடுத்துக்குவோம். உங்க தளத்தில் நாலு விஷயங்கள் சேர்ந்து இயங்குது. தளத்தை நடத்துவது வேர்ட்பிரஸ். கண்ணுக்குத் தெரியும் தோற்றம், தீம். ஆர்டர் ஃபார்ம், போட்டோ கேலரி மாதிரி கூடுதல் வசதிகள், பிளகின். இவை மூன்றுக்கும் அடியில், ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் ஓடும் பிஎச்பி என்ற நிரல் மொழி. தீமை எழுதியவர் அன்றைக்கு இருந்த வெர்ஷன்களை நம்பி எழுதியிருப்பார். மற்றதெல்லாம் முன்னேறிப் போய், தீம் மட்டும் அங்கேயே நின்னுடுச்சுன்னா உடையத்தான் செய்யும்.

2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தபோது இதுதான் நடந்தது. ஜேகுவரி மைக்ரேட் என்று ஒரு சின்னத் துணை நிரல் அதுவரை கூடவே வந்துகொண்டிருந்தது. பழைய தீம்கள் பயன்படுத்திய காலாவதியான கட்டளைகளைப் புதிய சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொடுப்பதுதான் அதன் வேலை. 5.5-இல் அதை நிறுத்தினார்கள். மறுநாளே பல தளங்களில் மெனு திறக்கலை, ஸ்லைடர் நகரலை. நிறைய பேர் அவசரமா 5.4-க்குத் திரும்பினாங்க. உண்மையில் அதுக்குத் தேவையே இருக்கலை. நிறுத்தப்பட்ட துணை நிரலைத் திரும்பச் சேர்க்க, வேர்ட்பிரஸ் குழுவே ஒரு இலவச பிளகின் கொடுத்திருந்தது. அதை நிறுவினாலே பல தளங்களுக்குப் போதுமானதா இருந்தது.

அதனால முதல் வேலை, உடைத்தது எது என்று கண்டுபிடிப்பது. 2019-இல் வந்த 5.2 வெர்ஷனிலிருந்து வேர்ட்பிரஸே இதுக்கு உதவுது. கடுமையான பிழை வந்தால், எந்தத் தீம் அல்லது பிளகினால் வந்தது என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு தனி இணைப்போடு நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பும். இதில் ஒரு வேடிக்கை, பல தளங்களில் நிர்வாகி மின்னஞ்சலா இருப்பது டிசைனரோட பழைய ஐடி! இப்பவே செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்துக்குப் போய் யாருடைய முகவரி இருக்குன்னு பார்த்துடுங்க. மொபைல்லயே பார்க்கலாம்.

வேர்ட்பிரஸ் மாறவே இல்லை, ஆனாலும் தளம் உடைஞ்சிருக்கா? பிஎச்பி மேல சந்தேகப்படுங்க. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0, பழைய கட்டளைகள் சிலவற்றை அடியோடு நீக்கியது. அவற்றை நம்பியிருந்த தீம்கள் அப்படியே நின்னுபோச்சு. ஹோஸ்டிங் கம்பெனி சர்வரை மேம்படுத்தியிருந்தா உங்களுக்கும் இது நடந்திருக்கலாம். சீபேனல் மாதிரியான கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி வெர்ஷனைத் தேர்வு செய்யும் வசதி இருக்கும். அதை மட்டும் 7.4-க்கு மாற்றினால் தளம் உயிர் பெற்றுவிடும், வேர்ட்பிரஸைத் தொடவே வேண்டாம். ஆனா 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதனால இது தற்காலிக ஏற்பாடுதான்.

வேர்ட்பிரஸையே பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டியிருந்தால், பேக்கப் இல்லாம கை வைக்காதீங்க. பேக்கப் என்றால் ஃபைல்களும் வேணும், டேட்டாபேஸும் வேணும். படங்கள், தீம் எல்லாம் ஃபைல்களில் இருக்கு. நீங்க எழுதினது, வாடிக்கையாளர் விவரம், ஆர்டர்கள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கு. பெரிய அப்டேட்டுகள் சில சமயம் டேட்டாபேஸின் அமைப்பையும் மாற்றிவிடும். ஃபைல்களை மட்டும் பழசாக்கினால் இரண்டும் பொருந்தாமல் போக வாய்ப்பிருக்கு. சரி, போன வாரத்து பேக்கப்பை முழுசா மீட்டுடலாம்னா, இந்த வாரம் வந்த ஆர்டர் எல்லாம் காணாமப் போயிடும். பணம் கட்டின வாடிக்கையாளருக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால மீட்பதற்கு முன்னால ஆர்டர் பட்டியலைத் தனியா டவுன்லோட் செய்து வெச்சுக்கோங்க.

பழைய வெர்ஷன்கள் எல்லாம் வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே கிடைக்கும். வேறெங்கும் டவுன்லோட் பண்ணாதீங்க. டபிள்யூபி டவுன்கிரேட் என்ற பிளகினில் வேண்டிய எண்ணைக் கொடுத்துவிட்டு, அப்டேட்ஸ் பக்கத்தில் மறுபடி நிறுவச் சொன்னாலும் போதும். கையால் செய்கிறவர்கள் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரையும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலையும் மாற்றக் கூடாது. உங்க தீமும் படங்களும் முன்னதில் இருக்கு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பின்னதில் இருக்கு. தயவுசெய்து இந்த ஃபைல் வேலையை பஸ்ல போயிட்டே மொபைல்ல செய்யாதீங்க. பாதியில் சிக்னல் போச்சுன்னா தளம் இன்னும் மோசமாகும்.

எந்த எண்ணுக்குத் திரும்புறீங்க என்பது ரொம்ப முக்கியம். 5.4 என்றால் முதன்முதலில் வந்த 5.4 இல்லை, அந்த வரிசையில் கடைசியாக வந்த எண். வேர்ட்பிரஸ் முழு ஆதரவு தருவது புதிய வெர்ஷனுக்கு மட்டும்தான். ஆனாலும் பழைய வரிசைகள் பலவற்றுக்கு நல்லெண்ண அடிப்படையில் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புது. ரொம்பப் பழசானதற்கு அதுவும் கிடையாது. 3.7 முதல் 4.0 வரையிலான வரிசைகளுக்கு 2022 டிசம்பரில் நிறுத்திட்டாங்க.

இந்தத் திருத்தம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஒரு நல்ல பாடம். 4.7, 4.7.1 இரண்டிலும், பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் உங்க பக்கத்தைத் திருத்தி எழுத வழிவிடும் ஓட்டை ஒன்று இருந்தது. ஜனவரி 26-இல் 4.7.2 வந்து அதை அடைத்தது. எல்லாரும் அப்டேட் ஆகட்டும் என்று, ஓட்டை பற்றிய விவரத்தை ஒரு வாரம் போல வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். பிப்ரவரி 1-இல் அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே, அப்டேட் ஆகாத தளங்களில் பல லட்சம் பக்கங்கள் அழித்து எழுதப்பட்டன. திருத்தம் வெளியானதுமே, ஓட்டை எங்கே இருந்தது என்பது தேடுபவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. உங்க தளம் சின்னது, யார் கவனிப்பாங்கன்னு கேட்காதீங்க. இந்தத் தாக்குதல்களை நடத்துவது தானியங்கி நிரல்கள், அதுக்குப் பெரிய தளம் சின்ன தளம் எல்லாம் ஒண்ணுதான்.

நான் படித்த கல்லூரியில் மாணவர் இதழுக்கு ஒரு தளம் இருந்தது. அப்டேட்டில் உடைந்ததும் சீனியர் ஒருத்தர் ரோல்பேக் செய்து, அப்டேட்டையே மொத்தமா ஆஃப் பண்ணிட்டார். அவர் படிப்பு முடிச்சுப் போனார், தளமும் ஓடிட்டே இருந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு கூகுளில் தேடினா, எங்க இதழ் பெயருக்குக் கீழே சூதாட்ட விளம்பரம். பேக்கப்பும் இல்லை. நாங்க எடுத்த பேட்டிகள் எல்லாம் போச்சு.

சீனியர் ரோல்பேக் செய்ததை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அப்டேட்டை மொத்தமாக நிறுத்தியதுதான் தப்பு. பெரிய வெர்ஷன் மாற்றங்களை மட்டும் நிறுத்தி, சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக வரவிடும் வசதி வேர்ட்பிரஸிலேயே இருக்கு. "மைனர் அப்டேட் மட்டும் ஆன்ல இருக்கட்டும்" என்று டிசைனரிடம் சொன்னால் அவருக்குப் புரியும்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்க. தீமை எழுதிய நிறுவனம் கடைசியாக எப்போது அப்டேட் கொடுத்தது? ரெண்டு மூணு வருஷமா எதுவும் வரலைன்னா, அந்தத் தீமைக் கைவிட்டுட்டாங்கன்னே எடுத்துக்கலாம். ரோல்பேக் செய்த அன்றைக்கே புது தீமுக்கு ஒரு தேதி குறிச்சுடுங்க, அதிகபட்சம் ஒன்றிரண்டு மாதம். அதுவரை வாரம் ஒரு பேக்கப், அதுவும் ஹோஸ்டிங்கிலேயே வைக்காமல் வேறொரு இடத்தில். புது தீமை நேரா தளத்தில் போடாமல் ஸ்டேஜிங் எனப்படும் நகல் தளத்தில் போட்டு, ஆர்டர் ஃபார்ம் வேலை செய்யுதான்னு உங்க மொபைல்லயே ஒரு தடவை ஆர்டர் போட்டுப் பாருங்க.