மூன்று கிலோவும் முந்நூறு கிராமும்

நோய் தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் கூறுகிறார். வீட்டார் மகிழ்ச்சியுடன் நோயாளியை அழைத்து வருகின்றனர். ஆனால் வாசற்படி வந்ததும் கால் எழவில்லை. இலையின் முன் அமர்ந்ததும் கை எழவில்லை. உயிரைக் காப்பது மருத்துவத்தின் ஒரு பாதி. காத்த உயிரை மீண்டும் நடக்கவும் உண்ணவும் உழைக்கவும் செய்வது அதன் மறுபாதி. இம்மறுபாதிக்கே மறுவாழ்வு மருத்துவம் என்று பெயர். பிசியோதெரபி என்று நாம் வழக்கில் கூறும் இயன்முறைச் சிகிச்சை அதன் வலக்கை போன்றது.

இத்துறையில் நல்லெண்ணத்துக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. ஆனால் நல்லெண்ணத்துடன் செய்வதெல்லாம் நோயாளிக்கு நன்மையாகவே முடிகின்றதா? இதனை அளந்து பார்த்துச் சொல்வதே ஆராய்ச்சி. நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத் நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும், இந்திய மருத்துவமனைகள் பல கூடி நடத்திய ஒரு சோதனையையும் அருகருகே வைத்து இதனைச் சற்றே சிந்திப்போம்.

காஞ்சன்பாக்கும் பஞ்சகுட்டாவும்

இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம், 1982-ஆம் ஆண்டு ஐதராபாத்துக் காஞ்சன்பாக்கில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிச் சாலையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்பெருமகனார், நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்த தமிழர்களுள் ஒருவரே அன்றோ! அவர் தலைமையில் உருவான அக்கினி ஏவுகணை 1989-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அதற்கென அங்கே உறுதி மிக்கதும் எடை குறைந்ததுமான பொருள்களை உருவாக்கியிருந்தனர்.

பஞ்சகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தை நம்மில் அறியாதார் இலர். நிம்ஸ் என்று இன்று யாவரும் வழங்கும் அந்நிலையம், தொடக்கத்தில் எலும்பு நோய்களுக்கான மருத்துவமனையாக இருந்ததே. அங்கிருந்த எலும்புச் சிகிச்சை நிபுணர் ஒருவர் ஒருநாள் கலாமின் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்தார். அங்கிருந்த பொருளொன்றைக் கையில் எடுத்துப் பார்த்து அதன் இலேசான தன்மையைக் கண்டு வியந்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள உலோகக் கவசங்களைக் கால்களில் பூட்டிக்கொண்டு அக்குழந்தைகள் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். இவர்களுடைய துன்பத்தைப் போக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டார். மூன்றே வாரங்களில் முந்நூறு கிராம் எடையுள்ள கவசங்கள் வந்து சேர்ந்தன. அவற்றை அணிந்து குழந்தைகள் நடந்த காட்சியைக் கண்டு பெற்றோர் கண்ணீர் வடித்தனர். தம் வாழ்வின் பேரானந்தங்களுள் ஒன்றாகக் கலாம் இதனைப் பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

கால் நிற்கும் சூட்சுமம்

எடை குறைந்தது பொருளினால் மட்டும் அன்று. கவசத்தின் அமைப்பினாலும் ஆகும். இளம்பிள்ளை வாதத்தால் தொடையின் முன்புறத் தசை வலுவிழந்தால், காலை ஊன்றும்போதெல்லாம் முழங்கால் மடங்கிவிடும். அதனால்தான் இந்நோய் கண்டவர் பலர் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கின்றனர். பழைய கவசம் தொடையிலிருந்து காலணி வரை நீண்ட உலோகச் சட்டங்களையும் தோல்வார்களையும் கொண்டது. முழங்காலைப் பூட்டிவிடும், காலைக் கம்பம்போல் தூக்கி வைத்தே நடக்க வேண்டும்.

புதிய கவசமோ முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுவது. அது கணுக்காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் எலும்பின் முன்புறம் ஒரு தகடுபோல் பதிந்திருக்கும். நாம் தரையை அழுத்தினால் தரையும் நம்மை அதே அளவு திருப்பித் தள்ளுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. முன்பாதத்தில் எடை ஊன்றும்போது அவ்வெதிர்விசை கவசத்தின் வழியாக மேலேறி, முன்தகட்டின் மூலம் காலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முழங்கால் மடங்காமல் நிமிர்ந்து நிற்கிறது. இரும்பு செய்த வேலையைத் தரையே செய்துவிடுகிறது!

ஆயினும் இக்கவசம் எல்லாக் கால்களுக்கும் பொருந்தாது. முழங்கால் நிமிர்த்த முடியாதபடி மடங்கி இறுகியிருந்தால் இது பயன்படாது. இடுப்புத் தசைகளுக்கும் ஓரளவு வலு இருத்தல் வேண்டும். ஒவ்வொரு காலையும் சோதித்து, நடக்கச் செய்து பார்த்து, பொருந்துமா என்று தீர்மானித்தாக வேண்டும். குழந்தை வளர வளரக் கவசமும் மாற வேண்டும். கருணை ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்கலாம். அளவுகோல்தான் அதனை முடித்து வைக்க இயலும்.

குடும்பத்தின் கைகள்

நிற்க. இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் நேர்ந்த கடைசி நோய் 2011-ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்கத்து ஹௌராவில் காணப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி அந்நோய் நீங்கிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று நம் இல்லங்களில் மறுவாழ்வுச் சிகிச்சையை நாட வைக்கும் பெரும் நோய்களுள் ஒன்று பக்கவாதம்.

மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்பவர். ஊரிலிருந்து வந்து உடன் வாழும் அன்னைக்கு ஒருநாள் ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. "ஊரில் இருந்திருந்தால் பார்த்துக்கொள்ள நாலு பேர் இருந்திருப்பார்களே! இங்கே கொண்டுவந்து இப்படி ஆக்கிவிட்டோமே!" என்று மகன் உள்ளம் குமைகின்றான். இக்குற்றவுணர்ச்சி புலம்பெயர்ந்தோர் பலருக்கும் பொதுவான நோய்.

குடும்பத்தாரே பயிற்சி பெற்றுச் சிகிச்சை அளித்தால் நோயாளி விரைவில் தேறுவாரா? இக்கேள்வியைத்தான் இந்தியாவில் 14 மருத்துவமனைகள் கூடி 2014-ஆம் ஆண்டு முதல் 2016-ஆம் ஆண்டு வரை சோதித்தன. பக்கவாதம் கண்ட 1,250 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை கிடைத்தது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு மட்டும், நோயாளியை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பதைக் கூடுதலாகக் கற்பித்தனர். மருத்துவமனையில் தொடங்கிய அப்பயிற்சி வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தவர்களுக்கு, யார் எந்தப் பிரிவினர் என்பது தெரியாது. அப்போதுதானே விருப்பு வெறுப்பின்றி மதிப்பிட முடியும்?

முடிவு 2017-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் சேர்ந்து முதற்பிரிவில் நூற்றுக்கு 47 பேர். மற்றப் பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர். வேறுபாடு இல்லை!

இவ்வளவு உழைத்தும் இல்லை என்னும் விடைதானா என்று சோர்வுற வேண்டாம். மருத்துவமனையில் செய்ய வேண்டியதை வீட்டார் தலையில் ஏற்றிவிட்டு, அதுவே போதும் என்று இருந்துவிடலாகாது என்பதை இச்சோதனை காட்டிற்று. வீட்டார் அன்பு பயனற்றது என்று அது கூறவில்லை. அன்னையைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆறுதல் கூறவும் வேறு யார் இருக்கின்றனர்? ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை என்றால், அது மகன் போதிய அளவு பாடுபடாததால் வந்த வினை என்று எண்ணிக் குமைய வேண்டுவதில்லை. அவ்வில்லத்துக்கு இது சிறிய ஆறுதலா?

ஆர்வம் மிகுந்தால் பலனும் மிகும் என்பதும் எப்போதும் மெய்யன்று. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2015-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பக்கவாதம் கண்ட 24 மணி நேரத்துக்குள் எழுப்பி மிகுதியாக நடமாடச் செய்தவர்களுள் நன்கு தேறியோர் நூற்றுக்கு 46 பேர். வழக்கம்போல் கவனிக்கப்பட்டவர்களுள் 50 பேர். அவசரம் உதவவில்லை.

நாம் செய்யத்தக்கவை

அப்படியாயின் நம் பங்கு யாது? முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் முதற்கடமை. விழுங்கும் ஆற்றலை மருத்துவர் சோதிக்குமுன் உணவோ நீரோ புகட்டலாகாது. தளர்ந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்குதல் கூடாது; தோள்மூட்டுக்குக் கேடு. எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதைச் சிகிச்சையாளரிடமே கேட்டு நடத்தல் வேண்டும்.

இவற்றோடு, நம்மால் மட்டுமே ஆகக்கூடிய உதவி ஒன்றுண்டு. தமிழன்றி வேறு மொழி அறியாத முதியவரிடம் சிகிச்சையாளர் தெலுங்கிலோ உருதுவிலோ "காலை நீட்டுங்கள்" என்றால் அவர் என் செய்வார்? அருகிலிருந்து அதனைத் தமிழில் எடுத்துரைப்பதும், அவர் சொல்ல முயலும் வலியைச் சிகிச்சையாளருக்கு விளக்குவதும் பெரும் தொண்டாகும். மருத்துவ ஆராய்ச்சியில் சேருமாறு யாரேனும் அழைத்தால், அதன் விவரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு நேராது. இதனைத் தயங்காது கேட்டறியுங்கள். கேட்டறிந்த பின் விருப்பமிருப்பின் அஞ்சாது சேருங்கள். முன்பின் அறியாத 1,250 குடும்பங்கள் இசைந்ததனால் அன்றோ மேற்கண்ட உண்மை நமக்குக் கிட்டிற்று!

ஒரு மருத்துவர் தம் நோயாளிகளுக்காகப் பிறரிடம் சென்று கேட்டார். மூன்று கிலோ முந்நூறு கிராம் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியும் சுமையைக் கருவி குறைத்தது. நம் மனத்தில் ஏறியிருக்கும் சுமையை உண்மை குறைக்கட்டும்.