பாதி விளையாட்டில் ‘மாட்’டைக் கழற்றலாமா?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸை ஓட்டிச் செல்ல வேண்டுமானால், ஓட்டுநருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குரிய லைசென்சும் வேண்டும். ஆனால் ஆவடியிலோ அம்பத்தூரிலோ வீட்டுக் கணிப்பொறியின் முன் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. திரையில் அவனும் பஸ் ஓட்டலாம். செக் நாட்டைச் சேர்ந்த எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்ற விளையாட்டு அதற்கு வழி செய்கிறது.

பெயரே சொல்வது போல, அது ஐரோப்பிய லாரிகளுக்காக உண்டாக்கப்பட்ட விளையாட்டு. அதில் நம் ஊர் பஸ் எப்படி வந்தது? விளையாட்டை விற்ற நிறுவனம் அதைத் தரவில்லை. நம் ஊர் ஆர்வலர்கள் தாமே தமிழ்நாட்டு அரசு பஸ்களின் உருவத்தை வரைந்து, வண்ணம் பூசி, ஹாரன் ஒலியைச் சேர்த்து, தனிக் கோப்பாக ஆக்கித் தந்தார்கள். கைப்பேசியில் ஓடும் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ விளையாட்டுக்கும் இப்படிப்பட்ட பஸ்கள் உண்டு. மூல விளையாட்டில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து சேர்க்கும் இத்தகைய கோப்புக்கு ‘மாட்’ என்று பெயர். மாற்றியமைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. (பன்மையில் ‘மாட்கள்’ என்றே எழுதுவோம், ‘மாடுகள்’ என்று எழுதினால் தொழுவம் தேட வேண்டியிருக்கும்!)

ஒரு மாணவன் ஆறு மாதமாக இவ்விளையாட்டை ஆடி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, மாட் வழியாக வந்த வண்டிகளை வாங்கியிருக்கிறான். மாட் வழியாகவே வந்த ஓர் ஊரில் வண்டி நிறுத்தும் கொட்டகையும் வாங்கிவிட்டான். இப்போது விளையாட்டு மெதுவாக ஓடுகிறது. மாட்கள் மிகுதியாகி விட்டதே காரணம் என்று ஐயுறுகிறான். உடனே அந்தக் கோப்புகளை அழித்து விடுகிறான். மறுநாள் விளையாட்டைத் திறந்தால், பாதி வழியிலிருந்த சரக்கைக் காணோம், வண்டியையும் காணோம். அல்லது விளையாட்டே திறக்காமல் நின்று போகிறது. ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் ஏன் இப்படி ஆயிற்று?

கிடங்கும் கணக்கேடும்

விளையாட்டு ஒன்றில் இரண்டு வகைக் கோப்புகள் உள்ளன. முதல் வகை கிடங்கு போன்றது. வண்டியின் உருவம், சாலையின் படம், எஞ்சின் ஒலி எல்லாம் அங்கே இருக்கும். இரண்டாவது வகை கணக்கேடு. ‘சேமிப்புக் கோப்பு’ என்று சொல்கிறோமே, அதுதான். உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எந்தச் சரக்கை ஏற்றியிருக்கிறீர்கள் என்பவை அதில் பதிவாகின்றன.

இவ்வாறு பிரித்து வைப்பதில் பெரிய நன்மை உண்டு. 1993இல் வந்த ‘டூம்’ என்னும் விளையாட்டு, தன் படங்களையும் அறைகளின் அமைப்பையும் இயக்கும் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தது. அதனால் யார் வேண்டுமானாலும் புதிய அறைகளை வரைந்து அதில் சேர்க்க முடிந்தது. மாட் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவ இது பெரிதும் துணை செய்தது. 1998இல் வந்த ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுக்கு மாட்டாகப் பிறந்த ‘கவுண்டர் ஸ்டிரைக்’, தாய் விளையாட்டைப் போலவே புகழ் பெற்றதையும் பலர் அறிவீர்கள்.

தொல்லையும் இந்தப் பிரிவினையிலிருந்தே வருகிறது. மாட்டை அழிக்கும்போது நாம் கிடங்கிலிருந்து ஒரு பொருளை எடுத்து விடுகிறோம். கணக்கேட்டில் அதைப் பற்றி எழுதிய வரி அப்படியே இருக்கிறது. ‘இந்த ஆட்டக்காரர் இன்ன பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்’ என்று ஏடு சொல்கிறது. கிடங்கிலோ அந்த பஸ் இல்லை. இப்போது விளையாட்டு என்ன செய்யும்?

ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ‘மைன்கிராஃப்ட்’டில் மாட் தந்த கற்களைக் கொண்டு வீடு கட்டி, பிறகு மாட்டை நீக்கினால், அந்தக் கற்கள் இருந்த இடம் வெற்றிடமாகும்; சுவரில் ஓட்டை விழும். 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற உழவு விளையாட்டு, காணாமற்போன பொருளின் இடத்தில் ‘பிழைப் பொருள்’ என்ற பெயரில் ஒன்றை வைத்து விட்டுத் தொடர்ந்து ஓடும். இது நாகரிகமான முறை என்பது என் கருத்து. ‘யூரோ டிரக்’ விளையாட்டில் மாட்கள் மாறியிருப்பது தெரிந்தால் எச்சரிக்கை காட்டும். வரைபடத்தை மாற்றும் மாட் போய்விட்டால், கையிலிருக்கும் சரக்கு வேலையை ரத்து செய்து, வண்டியைச் சொந்தக் கொட்டகைக்குக் கொண்டு போய் நிறுத்தி விடுவதும் உண்டு. அந்தக் கொட்டகையே மாட் தந்த ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பின்கோடு இல்லாத கடிதம்

கணக்கேட்டில் ‘பச்சை நிற பஸ்’ என்றா எழுதியிருக்கும்? பல விளையாட்டுகளில் எண்களே எழுதப்பட்டிருக்கும். 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ என்னும் விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். ஆயிரக்கணக்கான மாட்கள் இதற்கு உண்டு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் 2 இலக்கங்கள் அந்தப் பொருள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும், மற்ற 6 இலக்கங்கள் அந்தக் கோப்புக்குள் அது எத்தனையாவது பொருள் என்பதையும் காட்டும்.

நம் பின்கோடு போலத்தான் இதுவும். 1972இல் நடைமுறைக்கு வந்த 6 இலக்க பின்கோட்டில் கடைசி 3 இலக்கங்கள் அஞ்சலகத்தைக் குறிக்கும். 600053 என்றால் அம்பத்தூர்; 600054 என்றால் ஆவடி; 600056 என்றால் பூந்தமல்லி. எண்ணைப் பார்த்ததும் கடிதம் போக வேண்டிய இடம் தெரிந்து விடுகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பின்கோடு நிலையானது. ஸ்கைரிமின் முதல் 2 இலக்கங்களோ, மாட் கோப்புகளை ஏற்றும் வரிசையைப் பொறுத்தவை. மூல விளையாட்டுக்கு 00. அடுத்தது 01, அதற்கடுத்தது 02 என்று போகும். 05 என்ற எண்ணுடைய மாட்டை எடுத்து விட்டால், 06 ஆக இருந்தது 05 ஆகிவிடும். 07 ஆக இருந்தது 06 ஆகிவிடும். ஆவடி அஞ்சலகத்தை மூடியதும் அதற்கு அடுத்த எண்ணுடைய அஞ்சலகம் ஆவடியின் எண்ணை எடுத்துக்கொள்வது போல! கடிதங்கள் எல்லாம் தவறான ஊருக்கல்லவா போய்ச் சேரும்?

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, எந்த எண் எந்தக் கோப்புக்கு உரியதாக இருந்தது என்ற பெயர்ப் பட்டியலையும் சேமிப்புக் கோப்பு தன்னுடன் வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துப் புதிய எண்களை விளையாட்டு மாற்றி எழுதிவிடும். பட்டியலில் பெயர் இருந்து, கோப்பு இல்லையென்றால் அந்தக் கோப்பின் பொருள்களைக் கைவிடும். உங்கள் பெட்டியில் இருந்த மாட் வாள் மறைவது இப்படித்தான்.

நிற்காத பால்காரர்

வாள் மறைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இன்னொரு வகை மாட் இருக்கிறது. அதுவே மிகவும் தொல்லை தருவது. ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும் சிறு கட்டளைத் தொகுப்புகளைக் கொண்ட மாட் அது. பசி எடுப்பது, குளிரால் நடுங்குவது போன்ற புதிய விதிகளை விளையாட்டில் சேர்ப்பவை இவ்வகையே.

ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் விளையாட்டைச் சேமித்தால், அது எதை எண்ணிக்கொண்டிருந்தது, எதற்காகக் காத்திருந்தது என்பதெல்லாம் சேமிப்புக் கோப்பில் பதிவாகிவிடும். வீட்டைக் காலி செய்து போகும்போது பால்காரரிடம் சொல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலையும் அவர் வந்து கதவைத் தட்டுவார். அதற்கு மறுநாளும் வருவார். அவருடைய குறிப்பேட்டில் உங்கள் வீடு இன்னும் இருக்கிறதே! மாட் கோப்பை அழித்த பிறகும், அதன் ஸ்கிரிப்ட் பற்றிய பதிவுகள் இவ்வாறே சேமிப்புக் கோப்பில் தங்கிவிடுகின்றன. உடனே கெடுதல் ஒன்றும் தெரியாது. இருபது முப்பது மணி நேரம் ஆடிய பின் ஒரு கதவு திறக்காது. பேச வேண்டிய ஒருவர் பேசாமல் நிற்பார். அதற்குள் பழைய சேமிப்புகளையெல்லாம் நீங்கள் அழித்திருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பணம் தரும் மாட் ஒன்றைப் போட்டு 10 கோடி பெற்றுக்கொண்டு, பின்பு அதை நீக்கினால் பணம் போகாது. ஏனெனில் ஏட்டில் 10 கோடி என்ற எண் மட்டுமே உள்ளது. அது வந்த வழி எழுதப்படவில்லை.

‘மாட்டை மீண்டும் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?’ என்று கேட்கத் தோன்றும். மாட் இல்லாமல் திறந்து, மறுபடி சேமிக்காமல் வெளியேறியிருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சேமித்துவிட்டால் ஆகாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி கடைந்த உருளையை ‘சக்’கின் பிடியிலிருந்து கழற்றி, அதே சக்கில் மறுபடி பிடித்தாலும், பழைய மையம் துல்லியமாகக் கிடைப்பதில்லை. சேமிப்புக் கோப்பும் அப்படியே. மாட் இல்லாதபோது கைவிட்ட வரிகள், புதிதாகச் சேமிக்கும்போது ஏட்டில் ஏறுவதில்லை. மாட் திரும்பி வந்தாலும், உங்களுடைய பழைய பஸ் அதனுடன் வராது. மேலும் பல விளையாட்டுகள் தாமாகவே அவ்வப்போது சேமித்துக்கொள்கின்றன. நாம் எதையும் அழுத்தாதபோதே பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு விடலாம்.

கழற்றும் முறை

வண்டியின் வண்ணம், வானத்தின் நிறம், எஞ்சின் ஒலி ஆகியவற்றை மட்டும் மாற்றும் மாட்களை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். ஏட்டில் அவற்றைப் பற்றி வரியே இல்லாமலும் இருக்கலாம். மற்றவற்றுக்கு, கிடங்கில் கை வைப்பதற்கு முன் கணக்கேட்டைச் சரி செய்வதே வழி.

முதலில் சேமிப்பு ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்தில் நகலெடுத்து, தேதி எழுதி வையுங்கள். ‘யூரோ டிரக்’ விளையாட்டில் அது ‘புரொஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டர். மாட் கோப்புகளையும் அந்த நகலுடன் சேர்த்து வைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மாட் இல்லாத பழைய சேமிப்பு, பூட்டு இல்லாத சாவி. விளையாட்டின் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டீம்’ போன்ற சேவையின் வழியாக ஆடுபவர்கள், சேமிப்பை இணையத்தில் ஒத்திசைக்கும் வசதியை அந்த விளையாட்டுக்கு மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது நல்லது.

அடுத்து, விளையாட்டுக்குள் சென்று மாட்டின் பிடியிலிருந்து விலகுங்கள். கையிலுள்ள சரக்கைக் கொண்டு சேர்த்து விடுங்கள். மாட் வண்டியை விற்று, மூல விளையாட்டின் வண்டி ஒன்றை வாங்கி அதில் ஏறிக்கொள்ளுங்கள். மாட் தந்த ஊரிலுள்ள கொட்டகையை விற்று, தலைமையகத்தை மூல வரைபடத்தில் உள்ள ஓர் ஊருக்கு மாற்றி, அங்கே போய் வண்டியை நிறுத்துங்கள். ஸ்கைரிம் போன்றவற்றில் சில மாட்களுக்குத் தம் வேலையை நிறுத்திக்கொள்ளும் பொத்தான் அவற்றின் பட்டியலிலேயே இருக்கும். அதை அழுத்திச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். பால்காரரிடம் கணக்கு முடிப்பது இதுதான். பிறகு பழையதன் மேல் எழுதாமல், புதிய பெயரில் சேமித்து வெளியேறுங்கள்.

இப்போது மாட்டை நீக்கலாம். ஒரு முறைக்கு ஒன்றுதான். பத்தையும் ஒன்றாக எடுத்து விட்டால், கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க இயலாது. ஒரு மாட்டை நம்பி இன்னொரு மாட் இருக்குமானால், நம்பியிருப்பதை முதலில் எடுக்க வேண்டும். சட்டையைக் கழற்றாமல் பனியனைக் கழற்ற முடியுமா? ஒவ்வொன்றையும் எடுத்த பின் விளையாட்டைத் திறந்து, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி புதிய பெயரில் சேமியுங்கள்.

ஸ்கிரிப்ட் மிகுந்த மாட்டுக்கு இவ்வளவு செய்தும் முழு உறுதி கிடையாது. அனாதைப் பதிவுகளைத் துடைத்தெடுக்கும் கருவிகளை ஆர்வலர்கள் எழுதியுள்ளனர்; அவை வேண்டிய பதிவையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடும். உண்மையில் தூய்மையான சேமிப்பு ஒன்றுதான்: அந்த மாட்டைப் போடுவதற்கு முன்பு செய்தது. ஆகையால் பெரிய மாட் எதையேனும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், சேர்ப்பதற்கு முந்தைய நிலையை ‘மாட்டுக்கு முன்’ என்ற பெயரில் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பு பென் டிரைவில் அதிக இடம் பிடிக்காது.