டெஃபல் படிப்பா, பி.எட். படிப்பா? பணம் கட்டுமுன் சில செய்திகள்

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சமீப காலமாக 'டெஃபல்' என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. மனு போடுகிறவர்கள் பெரும்பாலும் பி.ஏ. ஆங்கிலம் முடித்த பெண்பிள்ளைகள். அண்ணனோ கணவரோ வளைகுடாவில் இருப்பார். இந்தச் சான்றிதழ் இருந்தால் அங்கே ஆங்கில ஆசிரியை வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சங்கராபுரம் பக்கத்துப் பெண் ஒருவரின் அத்தா, மகளின் கம்மலை அடகு வைத்து ஓர் ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் எங்களிடம் விசாரிக்க வந்தார்.

டெஃபல் என்பது ஒரு பட்டத்தின் பெயர் அல்ல. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் தொழிலுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம். விளம்பரங்களில் '120 மணி நேரப் பயிற்சி' என்று போட்டிருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'செல்டா' படிப்பும் குறைந்தது 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்சியாளர் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, எங்கே பிசகியது என்று முகத்துக்கு நேரே சொல்வார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழிலும் இதே ஏற்பாடு உண்டு. இரண்டுக்கும் பல நாடுகளில் மதிப்பு இருக்கிறது, கட்டணமும் கனமானது. செல்போனில் வீடியோ பார்த்து, கேள்விகளுக்கு டிக் அடித்து வாங்கும் தாளிலும் 120 என்றுதான் இருக்கும். மாணவர் ஒருவரையும் பார்க்காமலே அது கைக்கு வந்துவிடும். டியூஷன் எடுப்பவருக்கு அதில் நாலு நல்ல யோசனைகள் கிடைக்கலாம். நகையை அடகு வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

பள்ளி வேலை என்றால் கணக்கே வேறு. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்பது பட்டப் படிப்பும் பி.எட்.டும். நம் ஊர் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை நடத்தவும் பி.எட்.டுடன் டெட் தேர்ச்சி வேண்டும். டெஃபல் இவற்றுக்கு ஈடாகாது. எனவே ஆசிரியப் பணிதான் லட்சியம் என்றால் முதலில் பி.எட். என்பதே எங்கள் கருத்து. அதற்கு மேல் ஆங்கிலம் கற்பிப்பதில் தேர்ச்சி வேண்டுவோருக்கு ஹைதராபாத்தில் மத்திய அரசின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. இந்தத் துறைக்கென்றே முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் நடத்தி வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துத் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்டுகள் வாய் திறக்காத விஷயம் ஒன்றும் உண்டு. சில நாடுகள் சான்றிதழுக்கு முன் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கின்றன. தென்கொரியா, ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கே தருகிறது. டெஃபல் சான்றிதழ் அதை மாற்றாது.

பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: "நான் யாருக்குப் பாடம் நடத்துவேன்? அதை யார் பார்த்துத் திருத்துவார்?" பதில் மழுப்பலாக இருந்தால் விளம்பரத் தாளோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் யாராவது இருப்போம்.

அந்தப் பெண் இப்போது மாலையில் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். பி.எட். விண்ணப்பமும் போட்டிருக்கிறார். கம்மல் இன்னும் மீட்கப்படவில்லை.