படகுப் பொருத்துகளில் கால்வானிக் அரிப்பும் தடுப்பு முறைகளும்

இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் நனையும்போது, அவற்றுள் ஒன்று மட்டும் விரைவாக அரிக்கப்படுவது கால்வானிக் அரிப்பு எனப்படும். பாய்மரப் படகுகளில் அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் திருகுகள் பொருத்தப்படும் இடங்களில் இதை அதிகம் காணலாம். வெளியே பளபளக்கும் திருகைச் சுற்றி உள்ளே அலுமினியம் பொடியாகிவிடும். நடுக்கடலில் காற்று வலுக்கும்போது பிடிமானம் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

காரணம்

ஈருலோகங்களும் கடல்நீரும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகிறது. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் ஆனோடாகிக் கரைகிறது. மற்றது கேத்தோடாகிப் பாதுகாக்கப்படுகிறது. கடல்நீரில் எளிதில் கரைவதிலிருந்து தொடங்கினால் வரிசை இது: மெக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம், துருப்பிடிக்காத எஃகு. இவ்வரிசையில் இடைவெளி கூடக்கூட அரிப்பும் பொதுவாகக் கூடும்.

வரலாறு

1761இல் பிரிட்டிஷ் கடற்படையின் 'அலார்ம்' கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடிக்கப்பட்டது. 1763இல் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்தன. இடையே காகிதம் தங்கிய ஆணிகள் தப்பியிருந்தன. 1824இல் ஹம்ப்ரி டேவி, செப்புத் தகட்டுடன் துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் செம்பு அரிக்கப்படாது என்று காட்டினார்.

நம் கடற்கரையில்

கயிற்றால் பிணைத்த பழைய கட்டுமரத்தில் உலோகமே இல்லாததால் இச்சிக்கல் இல்லை. இன்று விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் ஓடும் ஃபைபர் படகுகளின் வெளிப்பொருத்து எஞ்சின்களில் அலுமினிய உறையும் எஃகுத் தண்டும் சேர்ந்தே கடலில் மூழ்குகின்றன. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய அரிப்பைப் பற்றி ஆராய்கிறது.

தடுக்கும் முறைகள்

• இயன்றவரை ஒரே உலோகத்தையே பயன்படுத்துக.
• வேறு உலோகம் தவிர்க்க முடியாதெனில், இடையே நைலான் வாஷரோ ரப்பர் தகடோ வைக்க வேண்டும். திருகின் தண்டும் துளையைத் தொடக் கூடாது. அதற்கும் நைலான் குழல் தேவை.
• பெரிய எஃகுத் தகட்டைச் சிறிய அலுமினிய ரிவெட்டால் பிணைக்கக் கூடாது. அரிப்பு முழுவதும் அச்சிறு பரப்பில் குவியும்.
• அரிக்கப்படும் உலோகத்துக்கு மட்டும் வர்ணம் பூசுவது தவறு. வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே ஆழக் குழி விழும். இரண்டுக்கும் பூசுக.
• நீரில் மூழ்கும் பகுதியில் துத்தநாகக் கட்டியை உலோகத்தோடு நேரடியாகத் தொடும்படி இணைக்கலாம். அது தான் கரைந்து மற்றதைக் காக்கும். அதன்மேல் வர்ணம் பூசக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும்.
• கரை திரும்பியதும் நன்னீரால் கழுவுக. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடரச் செய்யும்.

செய்து பாருங்கள்

மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் செப்புக் கம்பியாலும், மற்றொன்றைத் துத்தநாகத் துண்டாலும் இறுகச் சுற்றுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் உப்பு நீரில் போட்டுச் சில நாள் கவனியுங்கள். செம்பு சுற்றியது அதிகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் சுற்றியது தப்பும். படகில் துத்தநாகம் ஏன் பொருத்தப்படுகிறது என்பது அப்போது தானே விளங்கும்.