ஜன்னலைத் திறங்கள், கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்!

மாணவர் விடுதிகளில் மூளைக்காய்ச்சல் கிருமி பரவுவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளை எட்டிப் பாருங்கள். சுவரோடு சுவராகப் பாய்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், டே ஷிப்டுக்குக் கிளம்பியவரின் பாயிலேயே படுக்கிறார். கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக வரும் பையன்களுக்கும் இதே அறைகள்தான். பக்கத்துக் கவரைப்பேட்டையில் இன்ஜினீயரிங் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள்.

இப்படி இளைஞர்கள் நெருங்கி வாழும் இடங்களில் எளிதாகப் பரவுவது மெனிங்கோகாக்கஸ் கிருமி. கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் வேறு. இது மூச்சிலும் எச்சிலிலும் தொற்றுவது. சுமார் பத்துப் பேரில் ஒருவரின் மூக்கு, தொண்டையில் இது சும்மா தங்கியிருக்கும். பதின்ம வயதின் முடிவில் இந்த விகிதம் உச்சம் தொடும். அபூர்வமாகச் சிலருக்கு மட்டும் ரத்தத்தில் கலந்து மூளை உறையைத் தாக்கும். சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் சிலர் செவித்திறனை இழக்கிறார்கள்.

1997-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களைப் பரிசோதித்தார்கள். முதல் நாளில் 6.9 சதவீதம் பேரிடம் இருந்த கிருமி, நான்காம் நாளில் 23.1 சதவீதம் பேரிடம் இருந்தது. விடுதி மதுக்கூடத்தில் அடிக்கடி கூடியவர்களுக்கும் புகைபிடித்தவர்களுக்கும் அதிகம் தொற்றியிருந்தது. 2005-இல் டெல்லியில் இந்நோய் பரவியபோதும் பெரும்பாலும் இளைஞர்களே பாதிக்கப்பட்டார்கள்.

கிருமியைச் சுமப்பவர் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. மாற்ற வேண்டியது அறையை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் குளோவர், படைவீரர்களின் கட்டில்களுக்கு இடையே இரண்டரை அடி இடைவெளி விடச் செய்தார். கிருமியைச் சுமப்பவர்களின் எண்ணிக்கை இறங்கியது. நூறாண்டுக்கு முன்பே தெரிந்த இந்தப் பாடத்தை விடுதி நடத்துபவர்களும் தொழிற்சாலை நிர்வாகங்களும் இன்றே செயல்படுத்தலாம். ஒரே சிகரெட்டை நாலு பேர் மாற்றி மாற்றி இழுப்பதை மாணவர்களும் விட வேண்டும்.

கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள்: இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களுக்கும் டாக்டர் தடுப்பு மாத்திரை தருவார்.

ஹஜ் பயணிகளுக்கு இதற்கான தடுப்பூசி கட்டாயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கேட்கின்றன. நம் நாட்டின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் மட்டும் இது இல்லை. அமெரிக்கா போகும் பிள்ளைக்குத் தேவைப்படும் பாதுகாப்பு, கும்மிடிப்பூண்டியில் பத்துப் பேரோடு படுத்துறங்கும் பிள்ளைக்கு வேண்டாமா? அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும்.