நீதிபதியின் வீடும் சபையின் பாவ அறிக்கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கடற்கரையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் என்னும் துறைமுகப் பட்டினம் ஒன்றுண்டு. நம் நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1626ஆம் ஆண்டில் உருவான இந்த ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு, மெல்கிசேதேக்கு அரசாண்ட சாலேமின் பெயர் 1629இல் சூட்டப்பட்டது. அப்பெயருக்குச் சமாதானம் என்பது பொருள் (எபி. 7:2). சமாதானத்தின் பெயர் பூண்ட இந்நகரின் நடுவே இன்றளவும் நிற்கும் பழைய மரவீடு ஒன்றின் வரலாறு, போதக ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

வீடும் அதன் உரிமையாளரும்

செங்குத்தான கூரை முகப்புகளும், நடுவே பெரும் புகைபோக்கியும் உடைய இவ்வீட்டை, ஜோனத்தான் கார்வின் என்னும் செல்வந்த வணிகர் 1675இல் விலைக்கு வாங்கினார். அப்பொழுது அது கட்டி முடிக்கப்படாதிருந்தது. புகைபோக்கியை அமைத்துச் சுவர்களுக்குப் பூச்சு இடும் பணியை டேனியல் ஆண்ட்ரூ என்னும் கொத்தனார் ஒப்பந்தம் செய்துகொண்டார். இவர் பெயரை நாம் மறுபடியும் சந்திக்கப்போகிறோம். கார்வின் ஊர் நீதிபதியாக உயர்ந்து, 1718இல் மரிக்கும்வரை இவ்வீட்டின் உரிமையாளராயிருந்தார்.

மக்கள் இதனைச் ‘சூனியக்காரி வீடு’ என்றே வழங்குகின்றனர். ஆனால் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் இங்குக் குடியிருந்ததில்லை. குடியிருந்தவர் அவர்களை விசாரித்த நீதிபதியே. நியாயந்தீர்த்தவரின் வீட்டுக்கு, அநியாயமாய்த் தீர்க்கப்பட்டவர்களின் மேல் சுமத்தப்பட்ட பழிப்பெயர் நிலைத்துவிட்டது.

1692இல் நடந்தது

பட்டினத்துக்கு அடுத்திருந்த சேலம் கிராமத்தில் சாமுவேல் பாரிஸ் போதகராயிருந்தார். அவருக்குக் கொடுக்கப்படும் சம்பளம் பற்றியே சபை இரண்டு கட்சிகளாய்ப் பிரிந்திருந்தது. எல்லைப்புறப் போர்களால் அச்சம் எங்கும் பரவியிருந்த காலம் அது. 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போதகரின் வீட்டிலிருந்த இரண்டு சிறுமியருக்கு விளங்காத வலிப்பும் அலறலும் உண்டாயின. இது சூனியத்தின் வேலை என்று சொல்லப்பட்டதும், செய்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது. சிறுமியர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினர். முதலாவது, போதகரின் வீட்டு அடிமைப் பெண்ணான தித்துபா. அடுத்து, பிச்சையெடுத்து வாழ்ந்த ஓர் ஏழைப்பெண். பின்பு, நெடுநாள் ஆராதனைக்கு வராதிருந்த நோயாளிப் பெண். தங்களுக்காகப் பேச எவருமில்லாதவர்களே முதலில் பிடிபட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. மார்ச் 1ஆம் தேதி கிராமத்தின் ஆராதனை வீட்டிலேயே கார்வினும், ஜான் ஹாத்தோர்ன் என்னும் மற்றொரு நீதிபதியும் அவர்களை விசாரித்தனர்.

ஜூன் மாதத்தில் முதல் தூக்குத் தண்டனை நிறைவேறியபின், நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்னும் நீதிபதி மனம் ஒப்பாமல் தனி நீதிமன்றத்தை விட்டு விலகினார். காலியான அவ்விடத்தைக் கார்வின் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்குக்கு உடன்பட மறுத்த முதியவர் ஒருவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றவர்கள் தூக்குக்குத் தப்பினர்; பொய் சொல்ல மனமின்றி மறுத்தவர்களே மரித்தனர். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பரோஸ். அக்கிராமத்துக்கே முன்னாள் போதகர். தூக்குமேடையில் நின்று அவர் கர்த்தருடைய ஜெபத்தைப் பிழையின்றிச் சொன்னார், ஆயினும் விடப்படவில்லை.

எழுபத்தொரு வயதான ரெபேக்கா நர்ஸ் அம்மையார் பட்டினத்துச் சபையின் நற்சாட்சி பெற்ற அங்கத்தினர். அவருடைய பெயர் பேசப்பட்டபோது, அவரை நேரில் கண்டு பேசி, அவர் நிலையை எழுத்தில் சாட்சியாக ஒப்பமிட்ட நால்வருள் அக்கொத்தனார் டேனியல் ஆண்ட்ரூவும் ஒருவர். சில வாரங்களில் அவர்மேலும் குற்றச்சாட்டு எழ, அவர் ஊரைவிட்டு ஓடித் தப்பினார். நீதிபதியின் வீட்டுக்குப் புகைபோக்கி கட்டிய கைகளும் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. கார்வினுடைய மாமியாரின் பெயரும் சொல்லப்பட்டது. ஆனால் அந்த அம்மையாரைப் பிடிக்க உத்தரவு பிறக்கவே இல்லை. முகதாட்சிணியம் இதைவிடத் தெளிவாய் வெளிப்படுதல் அரிது.

இறையியல் பிழை யாது?

வழக்குகள் பெரிதும் ஒரு சாட்சியத்தைச் சார்ந்திருந்தன. குற்றவாளியின் ஆவியுரு தன்னிடம் வந்து கிள்ளியது, நெரித்தது என்று பாதிக்கப்பட்டவர் சொல்வார். அருகில் நிற்கும் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. குற்றமற்றவருடைய உருவைச் சாத்தான் எடுக்கக் கடவுள் இடங்கொடுப்பாரா? இடங்கொடார் என்று தலைமை நீதிபதி நம்பினார். ஆகவே உரு தோன்றியதே குற்றத்துக்குப் போதிய சான்றாயிற்று. நீதிமன்றம் தவறியது ஓர் இறையியல் வினாவிலே என்பதை நாம் மறத்தலாகாது.

ஜூன் 15இல் போதகர் பன்னிருவர் ஆலோசனை எழுதியனுப்பினர். ஆவியுருச் சாட்சியத்தைப் பற்றி எச்சரித்துவிட்டு, முடிவில் வழக்குகளை விரைவாய் நடத்தும்படியும் பரிந்துரைத்தனர். எச்சரிப்பு மறக்கப்பட்டது; பரிந்துரை நிறைவேற்றப்பட்டது. அக்டோபரில்தான் இன்கிரீஸ் மேதர் என்னும் மூத்த போதகர், குற்றமற்ற ஒருவரைக் கொல்வதிலும் சூனியக்காரர் பலர் தப்பிப்போவது நலம் என்று தெளிவாய் எழுதினார் (2 கொரி. 11:14ஐயும் இங்கு நினைவுகூர்க). அம்மாத இறுதியில் ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் இருபது கல்லறைகளுக்கு உரியவர் மாண்டிருந்தனர்.

மனந்திரும்புதல்

1697 ஜனவரி 14, உபவாச நாள். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், தம் பாவ அறிக்கையைப் போதகர் வாசிக்கச் சபை நடுவே எழுந்து நின்றார். நடுவர் குழுவினர் பன்னிருவரும் எழுத்தில் மன்னிப்புக் கோரினர். பாரிஸுக்குப்பின் வந்த ஜோசப் கிரீன் என்னும் இளம் போதகர், சாட்டியோர் குடும்பங்களும் சாட்டப்பட்டோர் குடும்பங்களும் அடுத்தடுத்து அமரும்படி ஆராதனை வீட்டின் இருக்கைகளை மாற்றி அமைத்தார். குற்றஞ்சாட்டியவர்களுள் முக்கியமானவரான ஆன் பட்னம் 1706இல் அறிக்கை செய்தபோது, அதனை வாசித்தவரும் அவரே. ரெபேக்கா நர்ஸ் அம்மையாரைச் சபைக்குப் புறம்பாக்கிய தீர்மானம் 1712இல் இரத்துச் செய்யப்பட்டது. இருபது ஆண்டுகள் சென்றன.

இவ்வீட்டின் நீதிபதி அவ்வாறு அறிக்கை எதுவும் செய்ததாகப் பதிவில்லை. அவருடைய வீடோ நிலைத்தது. பின்னாளில் மருந்துக்கடையாகவும் இருந்தது. 1940களில் சாலையை அகலப்படுத்த அதனை இடிக்க முற்பட்டபோது, நகரத்தார் பணந்திரட்டி அதனைச் சற்றுப் பின்னே நகர்த்திக் காத்தனர். 1948முதல் அது காட்சியகமாய் விளங்குகிறது. தண்டிக்கப்பட்டோரில் கடைசிப் பெயர் சட்டப்படி குற்றமற்றதாய் அறிவிக்கப்பட்டது 2022இலேயே.

நமக்குரியது

இது தூரதேசத்துப் பழங்கதை என்று நாம் தள்ளிவிட இயலுமா? பிள்ளைக்கு மருத்துவம் பலிக்கவில்லையெனில், செய்வினை வைத்தவர் யார் என்று நம் சபையாரும் கேட்கின்றனர். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் தமக்குக் கிடைத்த தரிசனமாக அடுத்த வீட்டு விதவையின் பெயரைச் சொல்லிவிடுகிறார். அவ்வேளையில் போதகர் மௌனமாயிருப்பின், அம்மௌனமே தீர்ப்பாகிவிடும். நோயுற்றோருக்காக ஜெபிப்பது நம் கடமை; ஒருவர் பெயரைக் குற்றத்தோடு இணைக்க இடங்கொடாதிருப்பதும் அதே கடமையின் பகுதி. எச்சரிப்பையும் இசைவையும் ஒரே கடிதத்தில் எழுதிய பன்னிரு போதகர்களை நினைவில் வைப்போமாக. இருக்கைகளை மாற்றி அமைத்த கிரீனையும் மறவாதிருப்போமாக.

சபைப் பதிவேட்டில் ஒரு வரியை எழுத ஒரு பிற்பகல் போதும். அதனை நீக்க இருபது ஆண்டுகள் பிடித்தன; அப்பொழுது அந்த அம்மையார் அதனைக் கேட்க உயிரோடில்லை.