உங்களுக்குத் தெரியுமா? ஆவிலா வென்றது அதிர்ஷ்டத்தால் அல்ல

1954-இல் அமெரிக்கன் லீக் பேஸ்பால் பேட்டிங் பட்டத்தை வென்றவர் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுக நகரில் பிறந்த பெட்டோ ஆவிலா. கிளீவ்லாந்து அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர், சராசரி .341. அதே ஆண்டு பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் .345 எடுத்தாரே, பட்டம் அவருக்கல்லவா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வில்லியம்ஸ் 136 முறை பந்தை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்தார். அவை கணக்கில் சேராததால் அவருடைய வாய்ப்புகள் 386-இல் நின்றன. பட்டத்துக்கு விதி கேட்டது குறைந்தது 400 வாய்ப்புகள். அந்த விதி பிற்பாடு திருத்தப்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்தப் பருவம் முழுவதையும் எல்லோரும் ஆடியது பழைய விதியின்கீழ். மேலும், பெருவிரல் முறிந்த ஆண்டில் ஆவிலா 555 வாய்ப்புகளில் 189 ஹிட் அடித்தார். இதை அதிர்ஷ்டம் என்பது அநியாயம்.

அவரை அந்த ஒரு பட்டத்தோடு நிறுத்திவிடுவதும் சரியல்ல. 1960-இல் தாயகம் திரும்பி மெக்சிகோ சிட்டி டைகர்ஸ் அணிக்கு ஆடினார். ஓய்வுக்குப் பின் வெராக்ரூஸ் மேயராகவும், மெக்சிகன் லீகின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். கான்குன் நகரின் பேஸ்பால் அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.